எந்தக் கால்பந்துப் புத்தகத்தை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

புத்தகக் கடையில் கால்பந்து அலமாரி முன்னால் நின்றால் முதலில் கண்ணில் படுவது முகங்கள்தான். அட்டை முழுக்க ஒரு நட்சத்திர வீரர், கீழே தங்க எழுத்தில் 'என் கதை'. கால்பந்துப் பைத்தியம் பிடித்த நண்பருக்குப் பரிசு கொடுக்க நினைக்கிறவர்கள் அதில் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நாற்பதாவது பக்கத்தோடு நின்றுபோகும். இருபத்தைந்து வயதில் எழுதவைத்த சுயசரிதையில் சொல்ல என்ன இருக்கும்? ஏழைக் குழந்தைப் பருவம், முதல் ஒப்பந்தம், மேனேஜருக்கு நன்றி, கோப்பைகளின் பட்டியல். இவை எல்லாம் ரசிகருக்கு ஏற்கெனவே தெரியும்.

கால்பந்துப் புத்தகத்தை எடைபோட ஒரு சோதனை போதும். படித்து முடித்த பிறகு பார்க்கும் மேட்ச்சில் உங்கள் கண் பந்தை விட்டு வேறு எங்காவது போகிறதா? தற்காப்பின் நடுவில் ஆடும் சென்டர்பேக் எங்கே நிற்கிறார், பெனால்டி அடிப்பவர் கோல்கீப்பரை எப்படிப் பார்க்கிறார், தோற்ற அணியின் ரசிகர் ஏன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கத் தோன்றினால் அது நல்ல புத்தகம். கீழே சொல்லப்போகும் நூல்களில் பெரும்பாலானவை இதில் தேறியவை. தேறாத சிலவற்றையும், எச்சரிக்கைக்காகவே, சொல்லியாக வேண்டும்.

வாழ்நாளில் ஒரே ஒரு கால்பந்துப் புத்தகம்தான் படிப்பேன் என்பவருக்கு உருகுவே எழுத்தாளர் எடுவர்டோ கலியானோவின் 'சாக்கர் இன் சன் அண்ட் ஷேடோ'. ஸ்பானிஷ் மூலம் 1995இல் வந்தது. மார்க் ஃபிரீட் ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார். தொடர்ச்சியான கதை கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு மூன்று பக்கம் வரும் குறிப்புகள்: கோல்கீப்பர், நடுவர், ரசிகர், ஒரு கோல், ஓர் உலகக் கோப்பை. உருகுவேயின் நாசியோனால் கிளப் வீரர் அப்தோன் போர்த்தே அணியில் இடம் இழந்ததும், 1918இல் ஒரு நள்ளிரவில் கிளப்பின் மைதானத்துக்கே போய் நடு வட்டத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டதை ஒரே பக்கத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அடுத்த பக்கத்துக்குப் போக நமக்குத்தான் நேரம் பிடிக்கிறது. உலகக் கோப்பைகளைப் பற்றிய பகுதிகள் அந்தந்த ஆண்டின் உலகச் செய்திகளோடு தொடங்கும். ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சி இதோ விழப்போகிறது என்று மயாமி வட்டாரங்கள் சொன்ன செய்தி, அறுபதுகளில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் மாறாமல் வருவது அவருடைய குறும்பு.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். கலியானோ கவிஞர் மாதிரி எழுதுகிறவர். ஆதாரம் காட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வினாடி வினாவுக்குத் தயாராகிறவர்கள் இதை வைத்துக்கொண்டு பந்தயம் கட்ட வேண்டாம். ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டாம். ஐம்பது குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் எல்லாம் ஒரே சாயலில் தெரிய ஆரம்பிக்கும். இரவில் நாலைந்து பக்கம் போதும்.

ஆட்டத்தை நிஜமாகவே புரிந்துகொள்ள விரும்புபவருக்கு ஜோனதன் வில்சனின் 'இன்வெர்ட்டிங் தி பிரமிட்'. 2008இல் வந்தது, பிறகு விரிவாக்கப்பட்ட பதிப்புகளும் வந்திருக்கின்றன. புதிய பதிப்பையே வாங்குங்கள். ஃபார்மேஷன்கள், அதாவது வீரர்களை மைதானத்தில் நிறுத்தும் அமைப்புகள், எப்படிப் பிறந்தன, எது எதை ஏன் வீழ்த்தியது என்பதன் வரலாறு இது. 1872இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்தில் தொடங்கி, சோவியத், இத்தாலி, பிரேசில், ஹாலந்து என்று ஊர் ஊராகப் போகிறது. தொடக்க காலத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தலை குனிந்து ஓடுவதுதான் ஆண்மை, பாஸ் கொடுப்பது கோழைத்தனம் என்று இங்கிலாந்தில் நினைத்தார்கள் என்ற முதல் அத்தியாயமே புத்தகத்தின் விலைக்குத் தகும்.

இந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்கிறவர்கள் அதிகம். அதற்குக் காரணம் மொழிநடை அல்ல, பெயர்களின் குவியல். ஒரே பக்கத்தில் ஏழு ஹங்கேரியப் பெயர்கள் வந்து விழும்போது மூளை மூடிக்கொள்ளும். இதற்கு வழி, பெயர்களை விட்டுவிட்டு இடங்களைப் பிடித்துக்கொள்வதுதான். மேசையில் பதினொரு நாணயங்களை வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே கோல்கீப்பர் ஒன்று, அதற்கு மேல் இரண்டு, பிறகு மூன்று, உச்சியில் ஐந்து. இதுதான் 2-3-5. தலைகீழாகக் கவிழ்த்த பிரமிட்டின் வடிவம். பல பத்தாண்டுகள் உலகம் இப்படித்தான் ஆடியது.

அடுத்து 1925க்கு வாருங்கள். அதுவரை, முன்னால் நிற்கும் வீரருக்கும் கோல்கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இல்லாவிட்டால் ஆஃப்சைடு. அந்த ஆண்டு மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.58 கோல் என்றிருந்தது, அடுத்த சீசனிலேயே 3.69 ஆனது. நடுவில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. ஆர்சனல் அந்த அக்டோபரில் நியூகாஸிலிடம் 0-7 என்று தோற்ற பிறகு, அதன் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் செய்ததை நாணயத்தில் செய்து பாருங்கள். நடு வரிசை மூன்றில் மையத்தில் இருப்பதை இழுத்து, பின்னால் இருக்கும் இரண்டுக்கும் இடையில் வையுங்கள். இப்போது நடுவில் ஆள் குறைகிறது அல்லவா? முன்வரிசை ஐந்தில் மையத்தின் இருபுறமும் உள்ள இரண்டையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மேல் பாதி W போலவும் கீழ்ப் பாதி M போலவும் தெரியும். அந்த வடிவத்தால்தான் அதற்கு W-M என்று பெயர்.

இப்போது எதிரே இன்னொரு பதினொன்றை வைத்தால் 25 நவம்பர் 1953 புரிந்துவிடும். வெம்ப்லியில் இங்கிலாந்து W-M ஆடியது. அதன் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டனின் வேலை எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை ஒட்டிக்கொள்வது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்ட் ஹிடெகுட்டியோ முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கிவிட்டார். ஜான்ஸ்டன் பின்தொடர்ந்தால் பின்னால் மைதானமே திறக்கும். நின்றுவிட்டால் ஹிடெகுட்டியைக் கேட்க ஆளில்லை. ஹிடெகுட்டி மூன்று கோல், ஆட்டம் 6-3. மேசையில் அந்த ஒற்றை நாணயத்தைக் கீழே இழுத்தாலே எதிரே நிற்கும் நாணயம் யாருக்கும் காவல் இல்லாமல் அநாதையாக நிற்பது தெரியும். இதைப் பார்த்தவருக்கு, பின்னாளில் ஒரு சென்டர் ஃபார்வர்ட் கீழே இறங்கி வரும்போதெல்லாம் கண் தானாக டிஃபண்டர் பக்கம் திரும்பும். ஒரு அமர்வுக்கு ஓர் அத்தியாயம், அதோடு அந்தக் காலத்து ஆட்டம் ஒன்றின் வீடியோ என்று வைத்துக்கொண்டால் புத்தகம் சுமையாகாது. இத்தாலியத் தற்காப்பு ஆட்டமுறையான கத்தெனாச்சியோ பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் இரண்டு அமர்வு ஒதுக்குங்கள்.

வில்சனைப் போனில் படிக்காதீர்கள் என்பது இன்னொரு யோசனை. ஃபார்மேஷன் படங்கள் சின்னத் திரையில் எறும்பு வரிசையாகிவிடும். ஒலிநூலாகக் கேட்பதும் வீண். படம் இல்லாமல் பாதி விஷயம் காதோடு போய்விடும். கலியானோவைத் தாராளமாகக் காதால் கேட்கலாம்.

வில்சன் கனமாக இருக்கிறார் என்பவர்கள் மைக்கேல் காக்ஸின் 'தி மிக்ஸர்' (2017) எடுக்கலாம். பிரீமியர் லீக்கின் கால் நூற்றாண்டு மட்டுமே எல்லை, பெயர்கள் தெரிந்தவை, நடை எளிது. 1992இல் வந்த பேக்பாஸ் விதியிலிருந்து தொடங்குவது சரியான முடிவு. சக வீரர் காலால் தள்ளும் பந்தைக் கையில் எடுக்கக்கூடாது என்று ஆனபோதுதான் கோல்கீப்பர்கள் காலால் ஆடக் கற்றுக்கொண்டார்கள். இன்று கோல்கீப்பரிலிருந்து தொடங்கும் பாஸ்கள் எல்லாம் அதன் வாரிசுகள்.

ஒரு பயிற்சியாளரின் தலைக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் மார்ட்டி பெரர்னாவின் 'பெப் கான்ஃபிடென்ஷியல்'. குவார்டியோலாவின் பயர்ன் மூனிச் முதல் சீசனை, 2013-14ஐ, பயிற்சி மைதானத்தின் ஓரத்திலிருந்து எழுதியது. குறும் பாஸ்களால் ஆடும் பாணியை உலகம் 'டிக்கி டாக்கா' என்று புகழ்ந்ததை, நோக்கமில்லாமல் பாஸ் செய்வது என்ற பொருளில், தனக்கு அறவே பிடிக்காது என்று குவார்டியோலா இதில்தான் கொட்டுகிறார். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் சொந்த மண்ணில் 0-4 வாங்கியதற்குத் தன் ஃபார்மேஷன் முடிவே காரணம் என்று அவர் ஒப்புக்கொள்ளும் பக்கங்கள் உச்சம். நூலாசிரியருக்கு அவர் மேல் பக்தி கொஞ்சம் அதிகம். அதைக் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும்.

எண்களில் ஈடுபாடு உள்ளவருக்கு சைமன் கூப்பரும் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் எழுதிய 'சாக்கர்னாமிக்ஸ்'. ஒரு கிளப் லீக்கில் எந்த இடத்தில் முடிக்கும் என்பதை, வீரர்களை வாங்கக் கொட்டிய பணத்தைவிட, மொத்தச் சம்பளச் செலவே மிக நெருக்கமாகச் சொல்லிவிடுகிறது என்பது இதன் மையமான கண்டுபிடிப்பு. டிரான்ஸ்ஃபர் காலத்தில் வரும் பரபரப்புச் செய்திகளை அதன்பிறகு வேறு மாதிரிதான் படிப்பீர்கள். பெனால்டி அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படித்தாலும் போதும். 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், மாஸ்கோ. பலாசியோஸ்-ஹுவெர்தா என்ற பொருளியலாளர் செல்ஸிக்குக் கொடுத்த குறிப்பில், மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சார் வழக்கமாக எந்தப் பக்கம் பாய்வார் என்ற கணக்கு இருந்தது. செல்ஸி வீரர்களில் பெரும்பாலோர் அவருடைய இடப்பக்கமே அடித்தார்கள். கடைசியில் அனெல்கா வந்தபோது வான் டெர் சார் தன் இடப்பக்கத்தைக் கைநீட்டிக் காட்டினார்: உங்கள் ரகசியம் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. அனெல்கா மாற்றி வலப்பக்கம் அடித்தார். வான் டெர் சார் தடுத்துவிட்டார்.

இந்தப் புத்தகம் பிரிட்டனில் 'வை இங்கிலாந்து லூஸ்' என்ற பெயரிலும் வந்தது. இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். பலமுறை திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பில், இனி இந்த நாடுதான் எழும் என்பது போன்ற ஆரூடங்கள் இப்போது சிரிப்பை வரவழைக்கும். இதோடு சேர்த்துப் படிக்க ஆண்டர்சன், சாலி இருவரின் 'தி நம்பர்ஸ் கேம்' (2013). ஒரு பிரீமியர் லீக் அணி கார்னரிலிருந்து கோல் போடுவது சுமார் பத்து ஆட்டத்துக்கு ஒன்றுதான் என்கிறது. கார்னர் கிடைத்ததற்கே அரங்கம் ஆர்ப்பரிப்பதை அப்புறம் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்க்கத் தோன்றும். புள்ளிவிவரத் துறை அதற்குப் பிறகு வெகுதூரம் போய்விட்டதால், இதை அடிப்படைப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசிகரைப் பற்றிய புத்தகங்களில் நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' (1992) தாண்டப்படவே இல்லை. அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் ஆட்டங்களும் தேதிகளும்தான்: 1968இல் ஆர்சனல்-ஸ்டோக் சிட்டி ஆட்டத்தில் தொடங்குகிறது. 26 மே 1989, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்ட் பகுதி வரும்வரை பொறுமை வேண்டும். பட்டத்துக்கு ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், மைக்கேல் தாமஸ் இஞ்சுரி டைமில் இரண்டாவது கோலைப் போடுகிறார். பதினெட்டு வருடத் தவம். ஹார்ன்பி அந்தக் கணத்துக்கு ஈடாக வாழ்க்கையில் எது உண்டு என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுக் கழிக்கும் பக்கங்களை, ரசிகர் அல்லாத வாழ்க்கைத் துணைக்குப் படிக்கக் கொடுக்கலாம். சினிமாவைப் பார்த்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்; புத்தகம் வேறு சங்கதி. குறை, எழுபதுகளின் ஆர்சனல் வீரர்கள் பெயர் தெரியாதவருக்கு இடையில் சலிப்பு தட்டும். தாவிப் போனால் பாவமில்லை.

ரசிகர்களின் மறுபக்கம் பில் புஃபோர்டின் 'அமங் தி தக்ஸ்'. இங்கிலாந்துக் கால்பந்து வன்முறைக் கும்பல்களோடு ஓர் அமெரிக்கர் கூடவே சுற்றி எழுதியது. கூட்டத்தில் தானும் ஒருவராக மாறும்போது வரும் போதையை ஒளிக்காமல் சொல்கிறார். சில காட்சிகள் குடலைப் புரட்டும். பதின்பருவத்தினருக்கு வேண்டாம்.

நாடு, அரசியல் பக்கம் போனால் சைமன் கூப்பர் இளம் வயதில் 22 நாடுகள் சுற்றி எழுதிய 'ஃபுட்பால் அகெயின்ஸ்ட் தி எனிமி' (1994). முதல் அத்தியாயம் 1988 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. ஹாம்பர்க்கில் ஹாலந்து ஜெர்மனியை 2-1 என வென்ற இரவில் ஒன்பது மில்லியன் டச்சுக்காரர்கள், மக்கள்தொகையில் அறுபது சதவீதத்துக்கு மேல், தெருவுக்கு வந்துவிட்டார்கள். அது போருக்குப் பிந்தைய கணக்குத் தீர்ப்பு என்பதை அவர் நிறுவும் விதம் அழகு. அமெரிக்கப் பதிப்பில் தலைப்பின் முதல் சொல் 'சாக்கர்' என்று இருக்கும். புத்தகத்தில் நாடுகள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கின்றன. அன்றைய உலகத்தைக் காட்டும் ஆவணமாக வைத்துக்கொள்ளலாம்.

தனி நாடு என்றால் அலெக்ஸ் பெல்லோஸின் 'ஃபுச்சிபோல்' பிரேசிலுக்கு, டேவிட் வின்னரின் 'பிரில்லியன்ட் ஆரஞ்ச்' ஹாலந்துக்கு. பிரேசிலின் மஞ்சள் சட்டையை 1953இல் ஒரு செய்தித்தாள் போட்டியில் ஜெயித்து வடிவமைத்த அல்தீர் கார்சியா ஷ்லே உருகுவே அணியின் ரசிகர் என்ற தகவலை பெல்லோஸ் தேடிப்போய் எழுதியிருக்கிறார். வின்னர், டச்சுக்காரர்கள் கடலிலிருந்து மீட்ட தட்டை நிலத்தில் இடத்தைக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள், அதனால்தான் மைதானத்தை விரித்தும் சுருக்கியும் ஆடினார்கள் என்று வாதிடுகிறார். நம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே படிப்பதுதான் அதில் சுகம்.

வீரர்களின் சுயசரிதைக்கு வருவோம். எழுதியது யார் என்று உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் பாருங்கள். ரசிகர்கள் மேற்கோள் காட்டித் தீர்த்த 'ஐ ஆம் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்' நூலை எழுதிய டேவிட் லாகர்கிராண்ட்ஸ், அதிலுள்ள மேற்கோள்களைத் தானே புனைந்ததாகப் பின்னால் சொன்னார். புத்தகம் விறுவிறுப்புதான், மால்மோ குடியிருப்பில் கழிந்த இளமை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நாவல் போலப் படியுங்கள். ராய் கீன் 2002இல் வெளியிட்ட சுயசரிதையில் எதிரணி வீரர் ஆல்ஃப்-இங்கே ஹாலண்ட் மீது போட்ட ஃபவுலைப் பற்றிச் சொன்ன வரிகளுக்காக ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்ட் அபராதமும் வாங்கினார். அதைக் கூடவிருந்து எழுதியவர் ஏமன் டன்ஃபி.

அந்த டன்ஃபி வீரராக இருந்தபோது எழுதிய 'ஒன்லி எ கேம்?' (1976) இந்த வகையில் முதலிடம். மில்வால் அணியில் 1973-74 சீசனின் நாட்குறிப்பு. சீசனுக்கு முன் எல்லாரும் நம்பிக்கையோடு இருக்கிறார்கள். சில வாரங்களில் அவர் அணியிலிருந்து கழற்றிவிடப்படுகிறார். வெளியே உட்கார்ந்திருக்கும் வீரர் தன் அணி தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்புவதை இவ்வளவு பச்சையாக வேறு யாரும் எழுதியதில்லை. பெஞ்சில் இருப்பவர் கோலுக்குக் கைதட்டும்போது கேமரா அவர் முகத்துக்குப் போனால் கவனித்துப் பாருங்கள்.

கோல்கீப்பர்களுக்கு ரொனால்ட் ரெங். 'எ லைஃப் டூ ஷார்ட்', 2009இல் தற்கொலை செய்துகொண்ட ஜெர்மன் கோல்கீப்பர் ராபர்ட் என்கேயின் வாழ்க்கை. மன அழுத்த நோயை அவர் ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்பதை நண்பராக இருந்து எழுதியிருக்கிறார் ரெங். மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டாம், அப்படிப்பட்டவருக்குப் பரிசாகவும் கொடுக்க வேண்டாம். ரெங்கின் 'தி கீப்பர் ஆஃப் ட்ரீம்ஸ்' லேசானது. அமெச்சூர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்த லார்ஸ் லீஸே எப்படியோ இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப் வழியாகப் பிரீமியர் லீக்குக்கு வந்து, ஆன்ஃபீல்டில் லிவர்பூலை 1-0 என்று வென்ற அணியின் கோல்கீப்பராக நின்று, வந்த வேகத்தில் மறைந்த கதை.

ஜோ மெக்கின்னிஸின் 'தி மிரக்கிள் ஆஃப் காஸ்டெல் டி சாங்ரோ' நாவலைவிட வேகமாக ஓடும். சுமார் ஐயாயிரம் பேர் வாழும் இத்தாலிய மலையூர் அணி 1996-97இல் இரண்டாம் டிவிஷனான செரி பி-யில் ஆடிய சீசன். அதன் பலவீனமும் நூலாசிரியர்தான்: நேற்றுக் கால்பந்து கற்ற அமெரிக்கர், யாரை இறக்க வேண்டும் என்று பயிற்சியாளருக்கே வகுப்பெடுக்கிறார். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் கீழே வைக்க முடியாது. டேவிட் பீஸின் 'தி டேம்ன்ட் யுனைடெட்' நிஜமாகவே நாவல். பிரையன் க்ளஃப் 1974இல் லீட்ஸ் அணியின் மேனேஜராகத் தாங்கிய 44 நாட்கள். முன்னாள் வீரர் ஜானி கைல்ஸ் வழக்குத் தொடுத்து, பதிப்பாளர் சில பகுதிகளை மாற்ற ஒப்புக்கொண்ட புத்தகம் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

பெண்கள் கால்பந்துக்கு சூசன் ராக்கின் 'எ வுமன்ஸ் கேம்' (2022). 1920 டிசம்பர் 26இல் குடிசன் பார்க்கில் 'டிக், கெர் லேடீஸ்' என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகாமல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. வளராத விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு அத்தியாயம் போதும்.

தவறிப்போய் வாங்கக்கூடியது கபுஷ்சின்ஸ்கியின் 'தி சாக்கர் வார்'. மகத்தான புத்தகம். ஆனால் எல் சால்வடார்-ஹோண்டுராஸ் இடையே 1969இல் நடந்த சண்டை அதில் ஒரே ஒரு கட்டுரை. மற்றவை ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் புரட்சிகளும் போர்களும். டேவிட் கோல்ட்பிளாட்டின் 'தி பால் இஸ் ரவுண்ட்' 900 பக்கங்களைத் தாண்டும் உலக வரலாறு. அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக் கரை சேர்ந்தவர்கள் குறைவு. பின்னட்டைப் பக்கமிருந்து, பெயர் அகராதி வழியாக நுழையுங்கள்: உங்களுக்குப் பிடித்த கிளப்பையோ நாட்டையோ தேடி அந்தப் பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடலாம்.

காசு செலவழிக்காமல் கிடைக்கும் ஒன்றை ரசிகர்களில் பெரும்பாலோர் திறந்ததே இல்லை: கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பான ஐஎஃப்ஏபி வெளியிடும் 'லாஸ் ஆஃப் தி கேம்'. மொத்தம் 17 விதிகள், இணையதளத்தில் இலவசம். 11ஆம் விதி ஆஃப்சைடு, 12ஆம் விதி ஃபவுலும், பந்தைக் கையால் தொடும் குற்றமும். இந்த இரண்டை மட்டும் படித்தாலே வர்ணனையாளர் சொல்வதில் எத்தனை தவறு என்று பிடிபடும். மாற்றங்கள் பொதுவாக ஜூலை 1 முதல் அமலுக்கு வரும் என்பதால், போன வருடம் இறக்கி வைத்த கோப்பை அழித்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.